பர்கர் என்னும் சொர்க்கம்

மார்க் மைலாட் இயக்கி 2022-ல் வெளிவந்த ‘தி மெனு’ திரைப்படத்தை வர்க்க விமர்சனமாக வாசிப்பது கல்விப்புலத்தில் ஏறத்தாழ வழக்கமாகிவிட்டது. தலைக்கு 1,250 டாலர் கொடுத்துத் தீவுக்கு வரும் செல்வந்தர்களைச் சமையற்கலைஞர் ஸ்லோவிக் தீயிலிடுகிறார். ஆகவே படம் முதலாளியத்துக்கு எதிரானது என்கிறார்கள். இந்த ‘ஆகவே’தான் சோதிக்கப்பட வேண்டியது.

விருந்தினரைப் பகடி செய்வதில் படம் கூர்மையானது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ரொட்டி எளியோரின் உணவு, உங்களுக்கு அது கிடையாது என்று சொல்லித் தொட்டுக்கொள்ளும் குழம்புகளை மட்டும் பரிமாறுகிறார் ஸ்லோவிக். அவமதிப்பையும் கலையாகச் சுவைக்கும் விமர்சகி, குழம்பு திரிந்திருப்பதை மட்டும் குறையாகக் காண்கிறார். மாணவர் கடன் இல்லாமல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் படித்தவள் என்பதற்காகவே ஒரு பெண்ணுக்கு மரணம் விதிக்கப்படும் இடத்தில், ஆய்வு மாணவர்கள் உரக்கச் சிரிப்பதும் இயல்பே.

ஆனால் அடுப்படியில் நிற்பவர்கள்? ஒரே கூடத்தில் படுத்துறங்கி, ஒரே குரலில் ஆணைக்கு இசைந்து, தலைவனோடு சேர்ந்தே எரிகிறார்கள். ஏன் என்று படம் கேட்பதில்லை. உழைப்புச் சுரண்டலை அது ஒரு மதவெறியாக மாற்றிவிடுகிறது. வெறிக்குக் கூலிக் கணக்கு தேவையில்லை அல்லவா? ஸ்லோவிக்கின் பாலியல் சீண்டலுக்கு ஆளான கேத்தரின் அவரைக் கத்தரிக்கோலால் குத்துகிறாள். அதுவும் அன்றைய விருந்தின் ஓர் உணவுமுறை மட்டுமே. போதாக்குறைக்கு, அனைவரும் சாக வேண்டுமென்ற யோசனையும் அவளுடையதே என்று அவள் வாயாலேயே சொல்ல வைக்கிறார்கள். குற்றவாளியின் சுமையைப் பாதிக்கப்பட்டவளிடம் இறக்கிவைக்கும் இந்தத் தந்திரத்தைப் பெண்ணிய வாசிப்புகளும் கண்டுகொள்ளாதது வியப்புக்குரியது.

நடப்புலகில் கதை வேறு. கோபன்ஹேகனின் புகழ்பெற்ற நோமா உணவகம் பல ஆண்டுகள் ஊதியமற்ற பயிற்சியாளர்களின் உழைப்பில் இயங்கியது. அவர்களுக்கு ஊதியம் தரத் தொடங்கியது 2022 அக்டோபரில்தான். 2023 ஜனவரியிலேயே, வழக்கமான உணவகச் சேவையை 2024 இறுதியில் நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தது. ஊதியம் ஒன்றே காரணமென்று சொல்லிவிட முடியாது. எனினும் நுண்கலையாக உயர்த்தப்பட்ட உணவின் அடியில் கிடக்கும் கணக்கு எதுவென்று அந்த வரிசை காட்டிக்கொடுக்கிறது. படத்திலோ அந்தக் கணக்கு கதையை ஓரங்குலமும் நகர்த்துவதில்லை.

இவற்றினும் பிழையானது படம் காட்டும் மீட்பு. இளம் ஸ்லோவிக் பர்கர் சுட்டபடி சிரிக்கும் பழைய நிழற்படத்தை மார்கோ காண்கிறாள், 9.95 டாலருக்கு ஒரு சீஸ் பர்கர் கேட்டு உயிர் தப்புகிறாள். துரித உணவுக் கடை களங்கமற்ற உழைப்பின் சொர்க்கமாம்! நியூயார்க்கின் துரித உணவுத் தொழிலாளர்கள் மணிக்கு 15 டாலர் கூலியும் சங்க உரிமையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தது 2012 நவம்பரில். படம் திரைக்கு வந்தது சரியாகப் பத்து ஆண்டுகள் கழித்து, 2022 நவம்பரில். அந்தச் சிரிப்புக்கு மணிக்கு எவ்வளவு கூலி என்று மார்கோவும் கேட்கவில்லை, அவளைக் கொண்டாடும் கட்டுரையாளர்களும் கேட்கவில்லை.