பூட்டில் இல்லை பாவம்



இவ்வாரத் தியானப் பகுதி: நெகேமியா 7:1-3, யோபு 31:32, லூக்கா 11:5-8

"கிராமத்தில் கதவைப் பூட்டுகிறவர் இல்லை, பட்டணத்திலோ ஒரு வாசலுக்கு மூன்று பூட்டு" என்னும் பேச்சைப் பிரசங்க பீடங்களிலும், ஐக்கியக் கூட்டங்களிலும், கைபேசியில் வலம்வரும் செய்திகளிலும் ஓயாமல் கேட்கிறோம். சொல்லுகிறவர் அடுத்து எங்கே வருவார் என்பதும் நமக்குத் தெரியும். கிராமத்தில் அன்பும் விசுவாசமும் மீந்திருக்கின்றன, பட்டணத்தில் அவை அவிந்துபோயின என்பார். கேட்கிறவர்கள் பெருமூச்சுடன் தலையசைப்பார்கள். பின்பு அவரவர் வீட்டுக்குச் சென்று, இரும்புக் கதவை இழுத்துப் பூட்டிக்கொண்டு உறங்குவார்கள்.

இந்தப் பேச்சு மெய்யன்று. தீங்கற்ற பழங்கதையாக இருந்தால் சும்மா விட்டுவிடலாம். ஆனால் இது கிராமத்தானுக்குத் தகுதியில்லாத நற்சான்று கொடுக்கிறது. பட்டணத்தானுக்கு வசதியான சாக்குக் கொடுக்கிறது. இருவரையும் மனந்திரும்பவிடாமல் தடுக்கிறது. ஆகையால் இதை எதிர்த்து எழுதுகிறேன்.

முதலாவது, கிராமத்தில் திருட்டு இல்லை என்பதை நம் தாய்மொழியே மறுக்கிறது. கன்னக்கோல் என்றொரு சொல் தமிழில் இருக்கிறது. மண்சுவரைத் துளைத்து உள்ளே புகுவதற்குத் திருடன் வைத்திருந்த கருவி அது. நம் ஆண்டவர் பூமியில் பொக்கிஷம் சேர்க்க வேண்டாமென்று போதித்தபோது, சுவரைத் துளைக்கும் திருடரையே குறிப்பிட்டார். கலிலேயாவின் சிற்றூர்களில் வாழ்ந்த அவருடைய கேட்பாளர்களுக்கு அந்தத் திருடர்களைத் தெரிந்திருந்தது. தாழ்ப்பாள், கணையமரம், மாங்காய் பூட்டு என்னும் சொற்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பிறந்தவை அல்ல. 2019 ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட கைத்தொழில் மரபு உண்டு. அந்தப் பூட்டுகளைப் பட்டணத்தார் மட்டுமா வாங்கினார்கள்?

பகலில் பல கிராமத்து வீடுகள் திறந்துகிடந்தது உண்மைதான். அதன் காரணங்களை நேர்மையாகப் பார்ப்போம். கூட்டுக் குடும்பத்தில் எந்நேரமும் யாராவது வீட்டில் இருந்தார்கள்; திண்ணையில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தால் அதைவிடச் சிறந்த காவல் வேறில்லை. பெரும்பாலான வீடுகளில் களவாட அதிகம் இருக்கவுமில்லை. குதிரில் நெல்லும், அடுக்களையில் பெயர் வெட்டிய பித்தளைப் பாத்திரமும்தான். ஏன் பெயர் வெட்டினார்கள்? பாத்திரம் கைமாறிப் போகும் என்பதை அறிந்திருந்ததால்தான். அயலான் ஒருவன் தெருமுனையில் திரும்பினால் ஊர் முழுவதும் அவனைப் பார்த்தது. தென்மாவட்டங்களில் காவல்கூலி கொடுத்துக் காவல்காரரை வைத்திருந்தார்கள். களவுபோன மாட்டை மீட்டுத்தரத் துப்புக்கூலி வாங்குகிறவர்களும் இருந்தார்கள். காவலுக்குக் கூலி கொடுத்துவிட்டுக் கதவைத் திறந்துவைத்தால், அது சம்பளத்துக்கு ஆள் வைத்த ஏற்பாடே தவிர விசுவாசத்தின் அடையாளம் ஆகாது.

மகாராஷ்டிரத்துச் சனி சிங்கணாப்பூரைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அங்கே வீடுகளுக்குக் கதவு வைப்பதில்லை என்பது மரபு. 2011 ஆம் ஆண்டு பூட்டில்லாத வங்கிக் கிளையொன்றும் அங்கே திறக்கப்பட்டது. அவ்வூராரின் நம்பிக்கையைப் பரிகசிப்பது நம் வேலையன்று. ஆனால் திருடுகிறவனைத் தெய்வம் உடனே தண்டிக்கும் என்ற அச்சமே அங்குக் கதவின் இடத்தில் நிற்கிறது. தண்டனைக்கு அஞ்சித் திருடாதிருப்பது வேறு, அயலானை நேசிப்பதனால் திருடாதிருப்பது வேறு. அந்த ஊரிலும் 2015 இல் காவல் நிலையம் திறக்கப்பட்டது.

இரண்டாவது கேள்வி இதைவிடக் கூர்மையானது. கிராமத்தில் திறந்திருந்த அந்தக் கதவு யாருக்குத் திறந்திருந்தது?

திண்ணையைப் புகழ்ந்து பேசுகிறவர்கள், அந்தத் திண்ணையில் உட்கார அனுமதி பெறாதவர்களைப் பற்றி வாய்திறப்பதில்லை. பகல் முழுவதும் வயலில் உழைத்தவன் கூலி கேட்டுத் தெருவில் நின்றான்; தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் உயரத்திலிருந்து அவன் கைகளில் ஊற்றினார்கள். கதவு விரியத் திறந்துதான் இருந்தது. ஆனால் அவனைத் தடுக்கக் கதவு தேவைப்படவில்லை. மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் ஊருக்கு நடுவே எழுந்த சுவரில் ஒரு பகுதியை 2008 மே மாதத்தில் அரசே இடித்து வழி திறக்கவேண்டியதாயிற்று. நாம் மட்டும் சுத்தமா? வடக்கன்குளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த தேவாலயம், சாதிக்கொரு பக்கமாக இரு கூறாய்க் கட்டப்பட்டது. உள்ளேயிருந்த தடுப்பு 1910 இல்தான் அகற்றப்பட்டது. ஒரே பலிபீடத்தை நோக்கி ஜெபித்தவர்கள் ஒருவரையொருவர் பாராதபடி அங்கே சுவர் நின்றது.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய டாக்டர் அம்பேத்கர், கிராமத்தைப் புகழ்ந்து உருகியவர்களைக் கடுமையாகக் கடிந்துகொண்டார். அந்தக் கோபத்தின் நியாயத்தை நாம் வேதத்திலிருந்தே அறிந்திருக்க வேண்டும். நியாயாதிபதிகள் 19 ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். கிபியா பெரும்பட்டணம் அன்று. எல்லாரும் எல்லாரையும் அறிந்த பென்யமீன் கோத்திரத்து ஊர். வழிப்போக்கன் வீதியில் அமர்ந்திருந்தான். ஊரார் ஒருவரும் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சேர்த்துக்கொண்ட முதியவரோ எப்பிராயீம் மலைநாட்டிலிருந்து வந்து அங்கே குடியிருந்த அயலூரார். அன்றிரவு நடந்த கொடுமையை விவரிக்க வேண்டியதில்லை. சோதோமைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கிபியாவையும் சேர்த்துப் பேசுவோமானால், பட்டணம் பாவம் என்றும் ஊர்ப்புறம் புண்ணியம் என்றும் பிரிக்கும் பழக்கம் நம்மைவிட்டு நீங்கும்.

மூன்றாவது, பூட்டுதல் பாவமன்று. எருசலேமின் அலங்கம் கட்டிமுடிந்தவுடன் நெகேமியா செய்த முதல் வேலைகளில் ஒன்று கதவுகளைப் பற்றிக் கட்டளை கொடுத்ததே. வெயில் ஏறும்வரை வாசல்களைத் திறக்கலாகாது. காவலர் நிற்கும்போதே அடைத்துத் தாழிட வேண்டும். குடியிருப்பவர்கள் அவரவர் வீட்டுக்கு எதிரே காவலிருக்க வேண்டும். ஜெபிக்கத் தெரிந்த அந்த மனிதர் காவல் வைக்கவும் தெரிந்தவர். "கர்த்தர் காப்பார், பூட்டு எதற்கு" என்று தனித்து வாழும் முதிய தாயாரிடம் சொல்லுகிறவன் விசுவாசத்தைப் போதிக்கவில்லை. தேவனைப் பரீட்சை பார்க்கச் சொல்லுகிறான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 48.4 விழுக்காட்டினர் நகர்ப்புறங்களில் வாழ்ந்தார்கள். கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லுகிறார்கள். பிள்ளைகள் பள்ளியில் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் வாடகைக்குக் குடியிருப்பவர் ஆண்டுதோறும் மாறுகிறார். திண்ணைப் பாட்டி செய்த வேலையைப் பூட்டுச் செய்கிறது, அவ்வளவே. அதே பட்டணத்தார் 2015 டிசம்பர்ச் சென்னை வெள்ளத்தில் என்ன செய்தார்கள் என்பதை மறந்துவிட்டோமா? முன்பின் அறியாதவர்களைத் தங்கள் மாடிகளில் தங்கவைத்தார்கள்; ஆலயங்களும் பள்ளிவாசல்களும் கல்யாண மண்டபங்களும் திறந்தன. பூட்டிய கதவுக்குப் பின்னே இருந்தது கல்நெஞ்சம் என்றால் அவ்வாரத்தில் அந்தக் கதவுகள் திறந்திருக்கமாட்டா.

லூக்கா 11 ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன உவமையைக் கவனியுங்கள். நள்ளிரவில் சிநேகிதன் வந்து அப்பம் கேட்கிறான். கதவு அடைத்திருக்கிறது, பிள்ளைகள் படுத்திருக்கிறார்கள். கதவை அடைத்ததற்காக ஆண்டவர் அந்த வீட்டுக்காரனை ஒரு வார்த்தையும் குறைசொல்லவில்லை. வருந்திக் கேட்டபோது எழுந்தான், கேட்டதைக் கொடுத்தான். ஐசுவரியவான், லாசரு உவமையிலோ அந்த வாசல் பூட்டியிருந்ததா திறந்திருந்ததா என்று சொல்லப்படவேயில்லை. பூட்டியிருந்தாலும் சாவி ஐசுவரியவானிடமே இருந்தது. தன் வாசலருகே கிடந்தவனிடம் நடந்துசெல்ல அவனை ஒன்றும் தடுக்கவில்லை. அவன் போகவில்லை.

ஆகவே பட்டணத்துச் சகோதர சகோதரிகளே, நீங்களும் தப்பித்துக்கொண்டதாக எண்ண வேண்டாம். பூட்டை நான் ஆதரிக்கிறேன். "பாதுகாப்பு" என்னும் ஒரே சொல்லுக்குள் நாம் மூடிமறைக்கும் மற்றவற்றை ஆதரிக்கமாட்டேன். வீடு வாடகைக்குக் கேட்டு வருகிறவரிடம் சுற்றிவளைத்துச் சாதியை விசாரிப்பது பாதுகாப்பா? வீட்டுவேலை செய்யும் சகோதரிக்குத் தனித் தம்ளரும், மின்தூக்கியில் ஏறத் தடையும் வைப்பது பாதுகாப்பா? சித்திரை வெயிலில் பொருள் கொண்டுவரும் இளைஞன் தண்ணீர் கேட்டால் கதவிடுக்கு வழியே இல்லையென்பது பாதுகாப்பா? இவை எதையும் திருடனுக்கு அஞ்சி நாம் செய்யவில்லை. கிராமத்துத் திண்ணையில் செய்ததையே நாலாவது மாடியிலும் செய்கிறோம். அங்கே கதவைத் திறந்துவைத்துச் செய்தோம், இங்கே பூட்டிக்கொண்டு செய்கிறோம்.

"ஐயா, பத்திரிகையைத் திறந்தால் கொள்ளையும் கொலையும்தான், அந்நியனை எப்படி நம்புவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எல்லாரையும் நம்பச் சொல்லி வேதம் நமக்குக் கட்டளையிடவில்லை. யோபுவைப் பாருங்கள். மந்தைகளும் வேலைக்காரரும் உடையவர், கொள்ளைக்காரரால் கொள்ளையிடப்பட்டவர். தம் நீதியைக் கணக்கொப்புவிக்கும் அதிகாரத்தில், பரதேசி வீதியில் இராத்தங்கவில்லை, வழிப்போக்கனுக்குத் தம் வாசலைத் திறந்தேன் என்பதைச் சாட்சியாக வைக்கிறார். வாசலைத் திறந்தேன் என்பதிலிருந்தே அது அடைபடும் வாசல் என்று விளங்குகிறது. கதவு இருந்தது, அதைத் திறக்கும் மனமும் இருந்தது. இரண்டும் வேண்டும்.

எனவே இந்த வாரம் நான் உங்களிடம் கேட்பவை நான்கு.

தனித்து வாழும் முதியவர் உங்கள் தளத்திலோ தெருவிலோ இருந்தால், காலையில் ஒருமுறை அழைப்பு மணியை அடித்துக் கேளுங்கள். அவர் விழுந்துகிடந்தால் கதவைத் திறக்க மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். நம்பத்தகுந்த ஒருவரிடமும் இல்லையென்றால், அந்தத் தெருவில் வசிக்கும் நம் சபையாருக்கு அது வெட்கம்.

வாசலில் ஒரு பானைத் தண்ணீர் வையுங்கள். குடிக்கிறவர் யாரென்று கேளாதிருங்கள்.

வாடகைக்கு விட வீடு வைத்திருக்கிறவர்கள், குடிவருகிறவரின் அடையாள அட்டையைக் கேளுங்கள், சாதியைக் கேளாதிருங்கள். கேட்டுவிட்டுத் திருவிருந்துப் பந்திக்கு வருகிறவர், அங்கே யாரோடு சேர்ந்து அப்பம் பிட்கிறார் என்பதைச் சிந்திக்கட்டும்.

நான்காவது நம் ஆலயத்தைப் பற்றியது. ஞாயிறு பகல் பூட்டுகிற வாயிலை அடுத்த ஞாயிறு காலையில் திறக்கிறோம். இடையில் ஆறு நாள்கள். லவோதிக்கேயா சபையின் வாசலுக்கு வெளியே நின்று தட்டியவர் யார் என்று நமக்குத் தெரியும். வார நாள்களிலும் காலை ஆறு முதல் இரவு எட்டு வரை வாயில் திறந்திருக்க வேண்டும், சபையார் முறைவைத்துக் காவலிருக்க வேண்டும் என்று அடுத்த சபைக் குழுக் கூட்டத்தில் கேட்கப்போகிறேன். ஒலிபெருக்கி களவுபோகும் என்று அஞ்சுகிறவர்கள் ஒலிபெருக்கியை அறையில் வைத்துப் பூட்டட்டும். ஆலயத்தைப் பூட்ட வேண்டாம்.

வேதாகமம் ஒரு தோட்டத்தில் தொடங்கி ஒரு நகரத்தில் முடிகிறது. அந்த நகரத்துக்கு உயர்ந்த மதிலும் பன்னிரண்டு வாசல்களும் உண்டு. தீட்டுள்ளது எதுவும் அதில் பிரவேசிப்பதில்லை. ஆனால் அங்கே இரவில்லாதபடியால் அதன் வாசல்கள் அடைக்கப்படுவதே இல்லை. நாம் இன்னும் இரவுள்ள உலகத்தில் வாழ்கிறோம். ஆகையால் இரவில் பூட்டுங்கள். பகலில் தட்டுகிறவருக்குத் திறவுங்கள்.

ஜெபிப்போம்: கர்த்தாவே, எங்கள் வீடுகளைக் காத்தருளும். எங்கள் அச்சத்தைச் சாக்காக்கி நாங்கள் செய்யும் அநீதியிலிருந்து எங்கள் அயலாரையும் காத்தருளும். எங்கள் வாசலருகே நீர் வைத்திருக்கிறவரைக் காணும் கண்களைத் தாரும். ஆமென்.