வங்கி காப்பது வீட்டையல்ல, கடனை

“லோன் எடுத்தப்பவே பேங்க்ல இன்சூரன்ஸ் போட்டாச்சு. வீட்டுக்கு எது நடந்தாலும் அவங்க பார்த்துக்குவாங்க.” பினாங்கில் கடனுக்கு வீடு வாங்கிய நம்மவர்கள் இப்படித்தான் நம்புகிறார்கள். அடியோடு தவறான, குடும்பத்தையே கடனில் தள்ளக்கூடிய நம்பிக்கை இது.

வங்கி எடுக்கச் சொன்ன காப்புறுதி எது? ஒன்று, கடன் வாங்கியவர் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ மீதிக் கடனை அடைக்கும் எம்.ஆர்.டி.ஏ. அதற்கும் வீட்டுச் சுவருக்கும் சம்பந்தமில்லை. மற்றொன்று தீக்காப்புறுதி. அதன் அடிப்படைப் பாலிசி தீ, மின்னல், வீட்டு எரிவாயு வெடிப்பு ஆகியவற்றோடு நின்றுவிடும். வெள்ளம் அதில் இல்லை.

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பெய்த பேய்மழையில் பினாங்கு மூழ்கியது. ஏழு உயிர்கள் போயின. ஜாலான் பி. ரம்லி போன்ற தாழ்வான பகுதிகளில் வெள்ளம் புதிதும் அல்ல. அடிப்படைத் தீப் பாலிசியை மட்டும் நம்பியிருக்கும் வீட்டுக்கு அத்தகைய வெள்ளத்தில் ஒரு காசும் கிடைக்காது.

வெள்ளத்துக்கும் குழாய் வெடிப்புக்கும் கட்டடத்தைக் காப்பது ‘ஹவுஸ்ஓனர்’ பாலிசி. உள்ளே இருக்கும் பொருள்களுக்கு ‘ஹவுஸ்ஹோல்டர்’ பாலிசி தனியாக வேண்டும். அடுக்குமாடியில் நிர்வாகம் எடுக்கும் பொதுப் பாலிசியும் கட்டடத்துக்குத்தான், உங்கள் குளிர்பதனப் பெட்டிக்கு அல்ல. மலையடிவாரத்தில் குடியிருப்பவர்கள் மண்சரிவுக்கான கூடுதல் காப்பைக் கேட்டு வாங்க வேண்டும். 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்கா மண்சரிவு 11 தொழிலாளர்களைப் பலிகொண்ட ஊர் இது.

காப்புத் தொகையும் கடன் தொகையும் ஒன்றல்ல. வீட்டை மறுபடி கட்ட 3 லட்சம் ரிங்கிட் ஆகும் என்றால், 1.5 லட்சத்துக்குக் காப்பு எடுத்தவருக்கு 40,000 ரிங்கிட் சேதத்தில் பாதிதான் கிடைக்கும். குறைக் காப்புக்கான விதி அது.

“எடுத்தாலும் கம்பெனி தரப்போவதில்லை” என்பார்கள். வாங்காத காப்புக்கு எவரும் பணம் தரமாட்டார்கள். வாங்கியிருந்தால் உரிமையோடு கேளுங்கள். சேதத்தை உடனே தெரிவியுங்கள், படமெடுங்கள், மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்வரை நனைந்த பொருள்களை வீசிவிடாதீர்கள். நிறுவனத்தின் இறுதி முடிவு நியாயமில்லை என்றால், ஆறு மாதத்துக்குள் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவையிடம் முறையிடலாம். கட்டணம் கிடையாது.

பாலிசியை விளக்காமல் கையெழுத்து வாங்கும் வங்கி அதிகாரிகளும் முகவர்களும் இந்த அறியாமைக்குப் பொறுப்பாளிகளே. விளக்குவது அவர்கள் கடமை. ஆனால் மூழ்கப்போவது அவர்கள் வீடு அல்ல.

இந்த வாரமே பாலிசியை எடுத்துப் பாருங்கள். வெள்ளம் உண்டா, பொருள்கள் உண்டா, மறுகட்டுமானச் செலவுக்குத் தொகை ஈடாகுமா? மூன்றில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தாலும், அடுத்த மழைக்குமுன் அதைச் சரிசெய்யுங்கள்.