ஹேண்டில்பாரில் லைட்டுக்கு என்ன வேலை?

சைக்கிள் கடையில் ஹேண்டில்பாரில் மாட்டுகிற பை ஒன்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். லைட் கேட்டால் அதையும் கொடுப்பார்கள். இரண்டையும் ஒரே சைக்கிளில் எப்படி மாட்டுவது என்று கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் கூரையைப் பார்ப்பார் :-) இரண்டுக்கும் ஒதுக்கியிருப்பது ஹேண்டில்பார் நடுவில் இருக்கும் அதே ஒரு சாண் இடம்தான். பை வந்து உட்கார்ந்ததும் லைட் அதன் முதுகில் முட்டிக்கொண்டு நிற்கும். ரோட்டுக்குப் போக வேண்டிய வெளிச்சம் பைக்குள் இருக்கிற பிஸ்கட் பாக்கெட்டுக்குக் காவல் காக்கும்.

இதற்கு மருந்து என்று ஒன்று விற்கிறார்கள். ஹேண்டில்பாரிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் குழாய், அதன் நுனியில் லைட். பிரச்சினை தீர்ந்தது என்று வாங்கிப் போகிறவர்கள் நிறைய. தீரவில்லை. நாலு வேகத்தடை தாண்டினால் குழாய் தலையாட்ட ஆரம்பிக்கும். ஒன்று பையின் மேல் கவிழும், இல்லையென்றால் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். பையின் மேல் வரைபடம் வைக்கிற பிளாஸ்டிக் உறை இருந்தால் இன்னும் விசேஷம். வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி ஓட்டுகிறவர் கண்ணையே கூசவைக்கும்.

இதையெல்லாம்கூட மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது குழி விஷயம். கேமராவில் ஃபிளாஷ் போட்டு எடுத்த முகத்தைப் பாருங்கள், மூக்கு கன்னம் எல்லாம் தட்டையாகத் தெரியும். வெளிச்சமும் பார்வையும் ஏறக்குறைய ஒரே இடத்திலிருந்து கிளம்பினால் நிழல் கண்ணுக்குப் படாது. லைட்டை உயரே தூக்கத் தூக்க அது கண்ணுக்குப் பக்கத்தில் வருகிறது, ரோடும் அந்த முகம் மாதிரி தட்டையாகிவிடுகிறது. குழி இருக்கும், தெரியாது. அதே லைட்டைச் சக்கரத்தின் உச்சி உயரத்துக்கு இறக்கினால் ஒவ்வொரு பள்ளமும் நீளமாக நிழல் போட்டுக் காட்டிக்கொடுக்கும். ஹெல்மெட்டில் டார்ச் கட்டுகிறவர்கள் இதை இரண்டு தடவை படிக்கலாம்.

'ஆயிரம் லூமென் லைட் வாங்கினால் போச்சு' என்று ஒரு கோஷ்டி உண்டு. வெளிச்சம் எவ்வளவு என்பதல்ல கேள்வி, எங்கிருந்து எங்கே விழுகிறது என்பதுதான். ஜெர்மனியின் வாகன விதியில் சைக்கிள் முன்விளக்கின் உயரத்துக்கே அளவு இருக்கிறது: தரையிலிருந்து 40 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது, 120ஐத் தாண்டக்கூடாது. எதிரே வருகிறவருக்குக் கண் கூசவும் கூடாது. நம்மூரில் ஆயிரம் லூமென் வட்டமாகச் சிதறி, பாதி வேப்பமரத்துக்குப் போகிறது.

இது ஒன்றும் தீர்வே இல்லாத புதிருமல்ல. பிரான்சில் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் என்று 1891-இல் ஆரம்பித்த ஓட்டம் ஒன்று உண்டு. இப்போது நாலு வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கிறது, கடைசியாக 2023-இல் நடந்தது. 1200 கிலோமீட்டருக்கு அதிகபட்சம் 90 மணி நேரம், அதாவது ராத்திரியும் ஓட்டியாக வேண்டும், பையும் வேண்டும். ரெனே எர்ஸ், அலெக்ஸ் சிங்கர் போன்ற பாரிஸ் பட்டறைக்காரர்கள் முன்சக்கரத்துக்கு மேலே சின்னதாக ஒரு கேரியர் வைத்து, பையை அதன் மேல் உட்காரவைத்து, லைட்டைக் கேரியரிலேயே தாழ்வாகப் பொருத்தினார்கள். பையும் லைட்டும் சண்டை போடவே வழியில்லை. இது போன நூற்றாண்டின் நடுப்பகுதிச் சமாச்சாரம். இன்றைக்கு 300, 400 கிலோமீட்டர் பிரவே ஓட்டுகிறவர்களுக்குக் குழாய் விற்கிறார்கள்.

நம்மூர்ப் பழைய டைனமோ சைக்கிளில்கூட ஹேண்டிலுக்கு முன்னால் விளக்குக்கென்றே ஒரு தகடு இருந்தது. (லைட் இல்லாமல் போனால் போலீஸ் பிடித்த காலம் அது.) அந்தத் தகடு போனது, மாணவிகள் ஓட்டும் சைக்கிளில் முன்கூடை வந்தது. லைட் மட்டும் கூடைக்குப் பின்னால் ஹேண்டில்பாரில் மாட்டப்படுகிறது. டியூஷன் முடிந்து இருட்டில் வருகிற பெண்ணுக்கு ரோடு முழுக்கக் கூடைக் கம்பியின் கோலம்தான் தெரியும். எதிரே வருகிற லாரிக்கு அவளுடைய புத்தகப்பை தெரியும், லைட் தெரியாது. ரப்பர் பட்டை வைத்த அந்தச் சின்ன லைட்டைக் கழற்றிக் கூடையின் முன்பக்கம், அடிக்கம்பியில் மாட்ட ஒரு நிமிஷம் ஆகாது. விற்கும்போது அதைச் சொல்லித்தர ஒருவருக்கும் நேரமில்லை.

பை வைத்த சைக்கிளுக்குச் செலவும் பெரிதல்ல. ஃபோர்க்கின் தலையில் பிரேக் போல்ட் போகிற ஓட்டை இருக்கும். அதில் எல் வடிவத் தகடு ஒன்றை மாட்டினால் லைட் சக்கரத்துக்கு முன்னால் வந்துவிடும். அந்தத் தகட்டை எந்த வெல்டிங் பட்டறையிலும் வளைத்துத் தருவார்கள். ஃபோர்க் காலில் மாட்டுவதானால் வலது காலில் மாட்டலாம், இடதுபுறம் போகிற நாட்டில் எதிரே வருகிறவருக்கு அதுதான் தெரியும். ஆனால் அப்போது சக்கரத்தின் நிழல் ரோட்டோரத்தில் விழும், எவ்வளவு கீழே இறக்குகிறோமோ அவ்வளவு பெரிதாக. அதனால் தகடுதான் மேல்.

தாழ்வான லைட்டில் சின்னப் பள்ளமும் கிணறு மாதிரி தெரியும், தேவையில்லாமல் பிரேக் பிடிக்க வேண்டியிருக்கும் என்று குறை சொல்வார்கள். உண்மைதான். முதல் இரண்டு ராத்திரி பிடிக்கட்டுமே.