வயதான பூனைக்கு எப்போது செலவு செய்வது?

10 வயதைத் தாண்டிய பூனை அடிக்கடி தண்ணீர்க் கிண்ணத்தை நாடுகிறது. மணல் தட்டு முன்பைவிட அதிகம் நனைகிறது. தடவிக்கொடுக்கும்போது முதுகெலும்பு கையில் தட்டுப்படுகிறது. 'வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்' என்று பெரும்பாலான வீடுகள் விட்டுவிடுகின்றன. சில மாதங்களில் அது சாப்பிடுவதையே நிறுத்திவிடுகிறது. அதன் பிறகுதான் மருத்துவமனை, டிரிப்ஸ், ஸ்கேன், மறுபடி மறுபடி ரத்தப் பரிசோதனை எல்லாம். பில் பல ஆயிரங்களைத் தொடுகிறது. பூனை பிழைப்பதும் நிச்சயமில்லை. பூனை வைத்தியம் நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது என்ற எண்ணம் இந்தக் கடைசி வாரத்துப் பில்லைப் பார்த்துத்தான் உருவாகிறது. ஆனால் அந்தப் பில்லின் பெரும்பகுதி தாமதத்தால் வந்தது என்பதே என் வாதம். அதில் ஒரு பகுதியை 10 வயதிலிருந்தே சிறிது சிறிதாகச் செலவிட்டால் பணமும் மிஞ்சும், பூனையின் வேதனையும் குறையும்.

சிறுநீரக நோயைப் பார்த்தாலே இது விளங்கும். 10 வயதைக் கடந்த பூனைகளில் 30 முதல் 40 சதவீதத்துக்கு நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு இருப்பதாக மருத்துவர்கள் மதிப்பிடுகிறார்கள். 15 வயதுக்கு மேல் இந்த விகிதம் இன்னும் உயர்கிறது. ரத்தத்தில் கிரியாட்டினின் என்னும் கழிவின் அளவு வரம்பு மீறும்போது சிறுநீரகத்தின் திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு போயிருக்கும். போனதை மீட்க மருந்து கிடையாது. மிஞ்சியதைக் காக்க வழி உண்டு, அதில் முதன்மையானது பாஸ்பரஸைக் குறைத்த உணவு. 2000-ல் பிரிட்டனில் வெளியான ஆய்வு ஒன்றில், இந்த உணவை உண்ட பூனைகளின் ஆயுள் நடுமதிப்பு 633 நாள்கள். உண்ணாதவற்றுக்கு 264 நாள்கள். அந்த உணவைத் தொட மறுத்த பூனைகளும் இரண்டாவது குழுவில் இருந்ததால், இந்த வித்தியாசம் முழுவதையும் உணவின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் 2006-ல் அமெரிக்காவில் 45 பூனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து இரண்டு ஆண்டுகள் கண்காணித்த ஆய்வும் அதையே காட்டியது. வழக்கமான உணவு உண்டவற்றில் நான்கில் ஒன்றுக்கு, கழிவுகள் ரத்தத்தில் தேங்கி உயிருக்கே ஆபத்தான நிலை வந்தது. சிறுநீரக உணவு உண்டவற்றில் ஒன்றுக்குக்கூட வரவில்லை. இங்கே காலம்தான் முக்கியம். நோய் முற்றி, குமட்டல் வந்து, பசி அற்றுப்போன பூனைக்குப் புது உணவைப் பழக்குவது மிகக் கடினம். தயிர்சோற்றிலும் கருவாட்டிலும் வளர்ந்த பூனைக்கு அது இன்னும் கடினம். நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நோயைக் கண்டால்தான் உணவை மாற்ற முடியும்.

மற்ற முதுமை நோய்களுக்கும் இது பொருந்தும். ரத்த அழுத்தம் கூடினால் விழித்திரை பிரிந்து ஒரே நாளில் பார்வை போய்விடலாம். அதைத் தடுக்கும் அம்லோடிபின், நம் வீட்டுப் பெரியவர்கள் சாப்பிடும் அதே மலிவான மாத்திரைதான், பூனைக்கு அதில் சிறு துண்டு போதும். தைராய்டு மிகையாகச் சுரந்தால் கார்பிமசோல் மாத்திரை இருக்கிறது. 12 வயதைக் கடந்த பூனைகளில் பத்தில் ஒன்பதுக்கு எக்ஸ்ரேயில் மூட்டுத் தேய்மானம் தெரிந்ததாக ஓர் ஆய்வு சொல்கிறது. அலமாரி மேல் ஏறுவதை நிறுத்திய பூனை சோம்பேறியாகிவிட்டது என்று நாம் நினைக்கிறோம். இந்த மாத்திரைகளின் அளவை மருத்துவர் மட்டுமே சொல்ல வேண்டும். வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்தால் ஒரே மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடலாம். அதை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குப் போதாது.

இந்த நோய்களை நேரத்தோடு கண்டறிய ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை வேண்டும். அது மருத்துவமனைகளுக்கு வருமானம் சேர்க்கும் ஏற்பாடு என்று சிலர் சந்தேகிக்கலாம். அந்தச் சந்தேகத்தில் நியாயம் உண்டு. பிரிட்டனில் போட்டி ஆணையம் நடத்திய விசாரணையில், 2016-க்கும் 2023-க்கும் இடையே கால்நடை மருத்துவக் கட்டணம் 60 சதவீதத்துக்கும் மேல் உயர்ந்திருப்பது தெரியவந்தது. எனவே ஒவ்வொரு பரிசோதனைக்கு முன்பும் 'இதன் முடிவைப் பார்த்து நீங்கள் சிகிச்சையில் எதை மாற்றுவீர்கள்?' என்று மருத்துவரைக் கேட்பது வளர்ப்பவரின் உரிமை. தெளிவான பதில் இல்லாத பரிசோதனையைத் தள்ளிப்போடலாம். எடை, ரத்த அழுத்தம், சிறுநீர், அடிப்படை ரத்தப் பரிசோதனை ஆகிய நான்குக்கும் தெளிவான பதில் உண்டு. எடையை மாதந்தோறும் வீட்டிலேயே பார்க்கலாம். 4 கிலோ பூனை 400 கிராம் இழந்தால் அது உடலில் பத்தில் ஒரு பங்கு, கண்ணுக்குச் சட்டெனத் தெரியாது.

மனிதருக்கே வைத்தியம் எட்டாத நாட்டில் பூனைக்கு இவ்வளவா என்ற கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் நான் அதிகம் செலவிடச் சொல்லவில்லை. கடைசி வாரத்தில் கடன் வாங்கிச் செலவிடுவதைத் தவிர்க்கத்தான் சொல்கிறேன். மேலும், பத்து ஆண்டுகள் நம் கையால் சோறு தின்ற உயிருக்குத் தானே இரை தேடும் வழி அடைபட்டுவிட்டது. அதன் முதுமை நம் பொறுப்பு. இயலாமல் போனதும் மார்க்கெட் ஓரத்தில் விட்டுவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். பசியாலும் தாகத்தாலும் வதைபடும் என்று தெரிந்தே ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கான அபராதமோ 10 முதல் 50 ரூபாய்தான். சட்டம் அந்த உயிரை எவ்வளவு மலிவாக மதிக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

சிகிச்சையை எப்போது நிறுத்துவது என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்த அளவுகோல் வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், நல்ல நாள்களின் எண்ணிக்கை ஆகிய ஏழையும் மதிப்பெண் போட்டுப் பார்க்கச் சொல்கிறது. கருணைக்கொலை பாவம் என்று கருதும் குடும்பங்கள் பல. அந்த உணர்வை மதிக்கிறேன். ஆனால் மூச்சுத் திணறும் பூனையை நாள்கணக்கில் டிரிப்ஸில் கிடத்துவது நம் மனத்தை ஆற்றுகிறதே தவிர, அதற்கு எந்த நிம்மதியும் தருவதில்லை. வலிக்கும் குமட்டலுக்கும் மட்டும் மருந்து கொடுத்து வீட்டில் வைத்துக்கொள்வது நடுவழி. எல்லா மருத்துவர்களும் இதைத் தாமாகச் சொல்வதில்லை, கேட்டால் சொல்வார்கள்.

அரசும் செய்யக்கூடியது இருக்கிறது. கால்நடை மருத்துவச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. மருந்துக்கு இணையான சிறுநீரக உணவுக்கோ மற்ற செல்லப்பிராணித் தீனியைப் போலவே 18 சதவீத வரி. மருத்துவர் எழுதிக்கொடுக்கும் உணவை மருந்துப் பட்டியலில் சேர்க்கலாம். 1903-ல் தொடங்கிய சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையை நாடக்கூடியவர்கள் சென்னைவாசிகளும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும்தான். மாவட்டங்களில் உள்ள கால்நடைப் பன்முக மருத்துவமனைகள் இயல்பாகவே மாடு, ஆடுகளுக்கு முதலிடம் தருகின்றன, அது சரியே. அங்கே வாரத்தில் ஒரு பிற்பகலை முதிய நாய், பூனைகளின் ரத்த, சிறுநீர்ப் பரிசோதனைக்கு ஒதுக்கி, கட்டணத்தை வாசலில் எழுதிவைத்தால், தனியார் மருத்துவமனையின் பில்லுக்கு அஞ்சித் தள்ளிப்போடுபவர்கள் அந்தப் பிற்பகலுக்கு வருவார்கள்.