பிள்ளைகளோடு மலையேறுதல்: கூத்தராற்றுப்படையும் வெள்ளகவிப் பாதையும்

எங்கள் வீட்டில் ஒவ்வொரு டிசம்பரிலும் ஒரு வழக்கு விசாரணைக்கு வரும். பள்ளிக்குச் செல்லும் இரண்டு பிள்ளைகளின் முதுகில் பையை மாட்டி, மலைப்பாதையில் நாள் முழுக்க நடத்திக் கூட்டிச் செல்வது பெற்றோர் செய்யத்தக்க செயல்தானா என்பதே வழக்கு. வாதி, பிள்ளைகளின் அப்பத்தா. பிரதிவாதிகள் நாங்கள் இருவர்.

"பஸ்ஸேறி ஒக்காந்தா கொடைக்கானல்ல எறக்கி விட்டுர்றான். நடந்துதான் போவேன்னு நிக்க என்ன, வேண்டுதலா?" என்பது அவரது முதல் கேள்வி. வேண்டுதல் என்றால் அவருக்கு மறுப்பில்லை. எங்களுள் ஒருவரை இடுப்பில் சுமந்துகொண்டு பழனிக்குப் பாதயாத்திரை போனவர் அவர். அதை நாங்கள் எடுத்துச் சொன்னால் மறுமொழி உடனே வரும்: "அது வேற. அங்க முருகன் பாத்துக்குவான். நீங்க போற காட்டுல யாரு பாப்பா?"

இக்கேள்வியைக் கிழவியின் அச்சம் என்று ஒதுக்கிவிட முடியாது என்பதை நாங்கள் பிந்தித்தான் உணர்ந்தோம். மலையேற்றத்தைப் பற்றி இன்று எழுதப்படுபவற்றில் பெரும்பகுதி இக்கேள்வியைத் தொடுவதே இல்லை. பிள்ளைகளுக்குத் துணிவு வரும், தன்னம்பிக்கை வளரும், கைப்பேசியை மறப்பார்கள் என்றெல்லாம் பயன்களை அடுக்குகிறார்கள். இருக்கலாம். எங்கள் மகன் மலையிலிருந்து இறங்கியதும் முதலில் தேடியது கைப்பேசியைத்தான்.

நாங்கள் இருவரும் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர்கள். குறிஞ்சித் திணையை ஆண்டுதோறும் நடத்துகிறோம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களின் பெயர்களை மாணவர்கள் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள். அவற்றுள் பத்தையாவது செடியில் கண்டவர்கள் வகுப்பில் ஒருவர் இருவரே. கற்பிப்பவர்களின் நிலையும் நெடுங்காலம் இதைவிட மேலானதாக இருக்கவில்லை. மலைபடுகடாத்தை எடுத்துக்கொண்டால் மலையில் எழும் ஓசைகள் இருபது என்று எண்ணி எழுதவைத்து மதிப்பெண் போடுவதோடு எங்கள் கடமை முடிந்துவிடும். பெயருக்கே காரணமான பகுதி அல்லவா, தேர்வில் கேட்காமல் விடுவார்களா?

ஆனால் அந்த நூலுக்குக் கூத்தராற்றுப்படை என்று இன்னொரு பெயர் இருக்கிறது. 583 அடிகளில் பெருங்கௌசிகனார் பாடியிருப்பது நன்னனின் புகழை மட்டுமன்று. சுற்றத்தோடும் சுமையோடும் மலையைக் கடந்து செல்லவேண்டிய ஒரு கூட்டத்துக்கு, அவ்வழியை நடந்து கண்ட ஒருவன் சொல்லும் வழிக்குறிப்பும் அதில் உண்டு. பிள்ளைகளோடு மலையேறத் தொடங்கிய பிறகே அதை அப்படிப் படித்தோம். தொடக்கத்திலேயே இசைக்கருவிகளைப் பைகளில் எடை ஒத்திருக்கும்படி கட்டிக்கொண்டதும், அவை பலாக்காய்க் குலைபோல் தொங்கியதும் வந்துவிடுகின்றன. பின்னர்ப் பாதை வருகிறது. தினையை மேயும் பன்றிகளுக்கு அஞ்சிக் குறவர்கள் கற்பொறிகளை மாட்டி வைத்திருப்பார்கள். ஆகவே இருளில் நடவாமல் விடிந்த பின்னரே புறப்படுங்கள். புனம் காப்போர் எறியும் கவண்கல் உயிரைக் கொல்லும் விசையோடு வரும். மரத்தில் மறைந்து மறைந்து செல்லுங்கள். பாசி படிந்து அடி வழுக்கும் இடங்களில் மூங்கிலையோ கொறுக்கந்தட்டையையோ பற்றிக்கொண்டு கடந்து போங்கள். நடந்து நடந்து, ஓடி இளைத்த நாயின் நாக்கைப்போல் ஆகிவிட்ட விறலியரின் அடிகளையும் புலவர் மறக்கவில்லை. 'மலை உங்களை வீரராக்கும்' என்று அவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. எப்போது புறப்படுவது, எங்கே ஒதுங்குவது, எதைப் பற்றிக்கொள்வது என்பவையே அவரது கவலை. அப்பத்தாவின் கேள்விக்கு அவர் விடை வைத்திருக்கிறார்: முன்னே நடந்தவன் பார்த்துக்கொள்வான்.

நாங்கள் இதைக் கற்றது ஒரு பிழையின் வழியாக. 2017இல், மகனுக்கு ஐந்து வயதுகூட நிரம்பாத நிலையில், மதுரைக்கு அருகிலுள்ள ஒரு மலைக்கு அழைத்துச் சென்றோம். ஏப்ரல் மாதம். காலை ஏழு மணிக்குப் புறப்படுவதாகத் திட்டம். இட்லி, சட்னி, காணாமற்போன ஒற்றைச் செருப்பு என்று தாமதித்துப் பத்து மணிக்கு அடிவாரத்தில் நின்றோம். நால்வருக்குமாக மூன்று லிட்டர் தண்ணீர். ஒரு மணி நேரத்தில் பையன் "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டான். "இதோ வந்துடுச்சு, அந்த வளைவு தாண்டினா மேலேதான்" என்றோம். அந்த வளைவைத் தாண்டியும் இன்னொரு வளைவு. மறுபடியும் அதே பொய். மூன்றாம் முறை அவன் கேட்கவில்லை. பாறை நிழலில் உட்கார்ந்துவிட்டான். முகம் சிவந்து, குடித்த தண்ணீரையும் வாந்தி எடுத்தான். நல்வாய்ப்பாக, மேலேயிருந்து இறங்கிவந்த மாடு மேய்ப்பவர் ஒருவர் தம் துண்டை நனைத்துப் போர்த்தி, அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார். ஒரு சொல்கூட எங்களைக் கடிந்து சொல்லவில்லை. அதுதான் எங்களைச் சுட்டது.

உடல் இரண்டு நாளில் தேறிவிட்டது. எங்கள் சொல்லின்மேல் அவன் வைத்திருந்த நம்பிக்கை தேற ஓராண்டு ஆயிற்று. அதன்பிறகு எங்கே போனாலும் தூரத்தை எங்களிடம் கேட்கமாட்டான். எதிரில் வருபவர்களிடம் கேட்பான். காட்டில் 'நில்' என்றால் பிள்ளை நிற்கவேண்டும். காட்டுமாடு எதிரே நிற்கும்போது காரணம் சொல்லிக்கொண்டிருக்க நேரம் இராது. தூரத்தைப் பற்றிப் பொய் சொன்னவர்களின் 'நில்'லுக்கு அவன் ஏன் நிற்கவேண்டும்?

அடுத்த ஆண்டு, 2018 மார்ச் 11 அன்று, குரங்கணியில் காட்டுத்தீ மூண்டது. கொழுக்குமலைப் பக்கத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காய்ந்த புல்வெளியில் தீ சூழ்ந்துகொண்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டில் மலை என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை. அப்பத்தாகூட 'நான் சொன்னேனே' என்று சொல்லாமல் இருந்துவிட்டார்.

அவ்வாண்டே அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 தடங்களை அறிவித்து, முன்பதிவோடும் வழிகாட்டிகளோடும் நடத்தத் தொடங்கியது. தீக்காலத்தில் தடங்களை மூடுகிறார்கள். இலக்கிய நண்பர்களுள் சிலர் இதைக் கேலி செய்வதைக் கேட்டிருக்கிறோம். காட்டுக்குள் போகவும் சீட்டு வாங்கவேண்டுமா, மலை என்ன அரசாங்கத்தின் சொத்தா என்கிறார்கள். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு அந்தக் கட்டணம் எளிதன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் மார்ச் மாதத்தில் புல்வெளிக்குப் போகாதே என்று சொல்ல ஒருவர் வேண்டும். நன்னனின் நாட்டில் அதைச் சொல்ல வழியறிந்த கூத்தன் இருந்தான். நமக்கு வேட்டைத்தடுப்புக் காவலர் இருக்கிறார். பெரும்பாலும் மலைவாழ் மக்களுள் ஒருவர். அவருடைய சொல்லுக்குக் கட்டுப்படுவதில் நமக்கு என்ன இழுக்கு?

2022 டிசம்பரில் நாங்கள் வட்டக்கானலிலிருந்து வெள்ளகவிக்கு இறங்கினோம். மகளுக்குப் பன்னிரண்டு, மகனுக்குப் பத்து. கொடைக்கானலுக்குக் காரில் போகிற பலருக்கும் இந்த ஊரைத் தெரியாது. ஆனால் கொடைக்கானல் என்ற நகரம் உருவாகும் முன்பே வெள்ளகவி இருந்தது. 1821இல் நில அளவைக்கு வந்த வார்டு என்ற ஆங்கிலப் படை அதிகாரி இவ்வூரின் வழியாகத்தான் மேலே ஏறினார். 1845இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். அவர்களையும் அவர்களுக்குப் பின்வந்த துரைமாரையும் அவர்தம் குழந்தைகளையும் டோலியிலும் நாற்காலியிலும் சுமந்து பழனி மலைச்சரிவுகளில் ஏறியவர்கள் நம்மவர்கள். வத்தலக்குண்டிலிருந்து மோட்டார் சாலை வந்தது இருபதாம் நூற்றாண்டின் இரண்டாவது பத்தாண்டில்தான்.

பிள்ளைகளின் பையைப் பற்றி ஒரு சொல். உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றுவதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். 2020இல் ஒன்றிய அரசு வெளியிட்ட பள்ளிப்பைக் கொள்கை சொல்லும் அளவும் அதுவே. மகளின் மலைப்பை மூன்றரைக் கிலோ இருந்தது: தண்ணீர், கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, கடலைமிட்டாய், அட்டைக்கு உப்பு. அவளது பள்ளிப்பையைத் தராசில் வைத்துப் பார்த்தோம், ஏழு கிலோ. 'பச்சைப் பிள்ளையின் முதுகில் மூட்டை' என்று வருந்தும் உறவினர்கள் யாரும் வாரத்தில் ஐந்து நாள் வீட்டு வாசலில் அந்த ஏழு கிலோவைக் கண்டு வருந்தியதில்லை.

மேலே பனி, சோலைக்குள் அட்டை, இறங்க இறங்க வெக்கை. பிறகு காப்பித் தோட்டங்கள். ஏறுவதைவிட இறங்குவதே பிள்ளைகளின் முழங்காலைச் சோதிக்கிறது. பையன் தூரத்தை வழிகாட்டியிடம் கேட்டான். "மெதுவா போனா ரெண்டு மணி நேரம். ஒங்க அம்மாவோட போனா மூணு" என்றார் அவர். சரியாக மூன்று மணி நேரம்தான் ஆயிற்று.

ஊரெல்லையில் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். ஊர் முழுக்கக் கோயில்கள் என்பதால் உள்ளே யாரும் செருப்பணிவதில்லை. காலணிகளைக் கையில் தூக்கிக்கொண்டு எங்கள் பிள்ளைகள் கல்லுக்கும் மண்ணுக்கும் நெளிந்து நெளிந்து நடந்ததைக் கண்டு அவ்வூர்ப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தலையில் அரிசிச் சிப்பத்தோடு வந்த ஓர் அம்மா நின்று, மகளின் பையைத் தட்டிப் பார்த்தார்.

"என்ன பாப்பா இதுல?"

"துணி, தண்ணி."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"அதுக்கா இம்புட்டுத் தொலவு சொமந்துட்டு வந்த?" என்றார் வியப்போடு. சுமை என்றால் அது யாருக்கேனும் போய்ச் சேரவேண்டியது என்பது அவருடைய உலகம். எங்கள் மகளிடம் அதற்கு விடையில்லை. எங்களிடமும் இல்லை.

நாங்கள் சென்ற காலத்தில் அவ்வூருக்குச் சாலை இல்லை. விளைந்த காப்பியும் எலுமிச்சையும் குதிரை முதுகிலும் மனிதர் தலையிலும் இறங்கின. நோயாளிகளைத் துணித்தொட்டிலில் கட்டித் தூக்கிச் சென்றார்கள். இரவு நாங்கள் தங்கிய வீட்டுத் திண்ணையில் பேச்சு முழுக்கச் சாலையைப் பற்றியே. மகன் எங்கள் காதில், "ரோடு வந்தா இந்த ஊர் கெட்டுப் போயிடும்ல?" என்றான். எங்கிருந்து கற்றான்? நாங்கள் வீட்டில் பேசியதிலிருந்துதான். கடைசி நடைபாதைகள், தீண்டப்படாத மலை என்று நண்பர்களோடு நாங்கள் அளந்ததையெல்லாம் கேட்டிருக்கிறான். ஒரு நாள் நடந்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிடுகிறவர்கள், நாள்தோறும் நடப்பவர்களின் பாதையை அப்படியே வைத்திருக்கச் சொல்ல எந்த உரிமையும் இல்லை. சாலை வந்து, மலையேறுவோர் அந்தத் தடத்தை இழந்தால் இழக்கட்டும். இதை அன்றிரவே அவனிடம் சொன்னோம். நாங்கள் முன்பு பேசியது தவறு என்பதையும் சேர்த்தே சொன்னோம்.

மறுநாள் கும்பக்கரைக்கு இறங்குவதாகத் திட்டம். அங்கே அருவியில் குளிப்பதற்காகவே மகன் இத்தனை நடையையும் பொறுத்திருந்தான். இரவில் பெய்யத் தொடங்கிய மழை விடிந்தும் விடவில்லை. வழிகாட்டி வானத்தையும் பாதையையும் பார்த்துவிட்டு, "கீழ தண்ணி ஏறியிருக்கும். வந்த வழியே மேல போயிருவோம்" என்றார். இறங்கிய தொலைவு முழுவதையும் ஏறவேண்டும்! பையன் அழுதான். எங்களுக்கும் உள்ளூர ஆசை இருந்தது. மழை விட்டுவிடும், ஒரு மணி நேரம் பார்க்கலாமே என்று நாக்கு நுனிவரை வந்தது. 2017இன் ஏப்ரல் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டோம்.

மழை சற்றுக் குறைந்ததும் ஏறத் தொடங்கினோம். பாசி படிந்த ஓடைக்கல்லில் வழிகாட்டி ஒரு கழியை வெட்டி மகனிடம் கொடுத்து, "இத ஊனிக்க" என்றார். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பாடம் நடத்த இது நேரமன்று என்று பேசாமல் இருந்துவிட்டோம். வழியில் அவன் கேட்டான், இம்முறை எங்களிடமே: "இன்னும் எவ்வளவு நேரம்?"

"நாலு மணி நேரம். கூடவும் ஆகலாம்."

"சரி" என்றான்.

வட்டக்கானலை அடைய ஐந்தரை மணி நேரம் ஆயிற்று. வீட்டுக்கு வந்ததும் அப்பத்தா விளக்கெண்ணெய் காய்ச்சி இருவரின் காலுக்கும் தேய்த்துவிட்டார். "அருவில குளிச்சியா?" என்று பேரனைக் கேட்டார். "இல்ல அப்பத்தா, வேணாம்னு திரும்பிட்டோம்" என்றான். அவர் தேய்ப்பதை நிறுத்தி எங்களை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "அடுத்த தடவ அந்த வழிகாட்டுற பிள்ளைக்கு ரெண்டு முறுக்கு கட்டித் தாரேன், எடுத்துட்டுப் போங்க" என்றார்.