கரை யாருக்கு?



போன வாரம் படிப்பு வட்டத்தில் கல்லூரித் தம்பி ஒருவன் கேட்டான்: "குடிக்கிற தண்ணிக்கே சேரியில அடிதடி. இதுல அணைக்கட்டுப் பூங்கா, படகு சவாரி பத்தியெல்லாம் நாம எதுக்குண்ணே பேசணும்?" அன்றைக்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

அமெரிக்காவில் 1944ஆம் ஆண்டின் வெள்ளத்தடுப்புச் சட்டம், இராணுவப் பொறியாளர் படை கட்டும் நீர்த்தேக்கங்களில் மக்கள் பொழுதுபோக்கவும் வசதி செய்யலாம் என்றது. பணம் மத்திய அரசினுடையது, அதாவது கறுப்பின மக்கள் கட்டிய வரியும் அதில் உண்டு. ஆனால் கரை நிலத்தை மாநிலத்துக்குக் குத்தகைக்கு விட்டார்கள். ஜார்ஜியாவின் அல்லட்டூனா ஏரியில் நடந்தது என்ன? ரெட் டாப் மலைப் பூங்கா வெள்ளையருக்கு. 1950இல் அதே கரையில் கறுப்பருக்கென்று தனியாகக் கார்வர் பூங்கா. தண்ணீர் ஒண்ணுதான், கரைதான் ரெண்டு! ஊரும் சேரியும் நமக்கு மட்டுந்தான் என்று யார் சொன்னது?

அரசுப் பணத்தில் பாகுபாடு கூடாது என்ற குடியுரிமைச் சட்டம் 1964இல்தான் வந்தது. அடுத்த ஆண்டே வந்த நீர்த்திட்டப் பொழுதுபோக்குச் சட்டம், அணை திட்டமிடும்போதே பொழுதுபோக்கையும் ஒரு நோக்கமாகக் கணக்கில் எடுக்கச் சொன்னது. நல்லதுதான். ஆனால் நிர்வாகத்தை ஏற்று, அதற்கென்று ஆகும் தனிச்செலவில் பாதியை உள்ளூர் அரசமைப்பு சுமக்க வேண்டும் என்றது. இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. வெட்டுவது மைய அரசு, சாவி மட்டும் ஊர்க்காரன் கையில். அந்த ஊர்க்காரன் யார் என்பது நமக்குத் தெரியாததா?

மகாடில் நாம் பார்த்ததும் இதுதான். பொதுநீர்நிலைகள் எல்லாருக்கும் என்று பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் போட்டது. 1924இல் மகாடு நகராட்சியும் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. தாளில் திறந்த குளத்தில் கை வைக்க 1927 மார்ச் 20இல் அம்பேத்கர் மக்களோடு நடந்து போக வேண்டியிருந்தது. இந்தத் தண்ணீர் குடிக்காவிட்டால் செத்துப்போவோம் என்பதற்காக நாம் வரவில்லை, நாமும் மனிதர்கள் என்று நிலைநாட்டவே வந்தோம் என்பதுதான் அவர் வாதம்.

தம்பி, உன் கேள்விக்குப் பதில் அதுதான். தாகத்துக்கு மட்டும் தண்ணி கேட்டா அது பிச்சை மாதிரி ஆயிடும். பிள்ளையைக் கூட்டிக்கிட்டுக் கரையில உக்காந்து காத்து வாங்குறதுக்கும் கேட்கணும், அது உரிமை.

ஆகவே அணைப் பூங்காவுக்குப் போனால் பூவை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். நிர்வாகம் யார் கையில்? படகு ஏலம் யாருக்கு? கடை யாருக்கு? கூட்டுகிற விளக்குமாறு மட்டும் யார் கையில்? கேளுங்கள். துறை பதில் சொல்லும்வரை கேளுங்கள்.