பனமலைக்குப் புல்தரை வேண்டாம்

ஊருக்கு ஒரு பூங்கா என்றதும் நம் அதிகாரிகளுக்கு நினைவில் வருவது கொரியன் புல், கத்தரித்துவிட்ட குரோட்டன்ஸ் வேலி, சிமெண்டில் வார்த்து வண்ணம் பூசிய மான், யானை. 1896 முதல் ஊட்டியில் நடந்துவரும் மலர்க்காட்சி பழக்கிவிட்ட ரசனை இது. அந்தக் குளிருக்கு அது பொருந்தும். விழுப்புரம் மாவட்டத்துக் கத்திரி வெயிலில் அதே புல்லைப் பச்சையாக வைத்திருக்க விடாமல் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். இந்த மாவட்டத்தில் இனி ஒரு காட்சித் தோட்டம் அமைவதானால், அது இந்த மண்ணின் மரங்களாலும் இந்த மக்களின் கைத்தொழிலாலும் ஆனதாக இருக்கட்டும். அதற்கு ஏற்ற இடம் பனமலை.

குன்றின் மேல் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில். அங்குள்ள பல்லவர் கால ஓவியத்துக்காகவே தொலைவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். கீழே, நந்தன் கால்வாய் வந்து சேரும் ஏரி. மாவட்டமெங்கும் பனை. முதிர்ந்து தொங்கும் பனையோலையின் அடிப்பக்கத்தில் எச்சிலால் இறகுகளை ஒட்டிக் கூடு கட்டுகிறது பனை உழவாரன். பூங்கா அமைப்பவர்கள் அழகுக்கென்று முதலில் வெட்டுவது அந்த ஓலையைத்தான். ஆனால் பெட்டி முடைபவருக்கு வேண்டியது குருத்தோலை. அதை அளவோடு எடுத்து, தொங்கும் ஓலையை விட்டுவைத்தால் பறவைக்கும் கைத்தொழிலுக்கும் பகையில்லை. மண்ணுக்கும் இதே கணக்குதான். மண்பாண்டத் தொழிலாளர்கள் ஏரியில் முறையாகக் களிமண் எடுத்தால், ஏரியும் அந்த அளவுக்குத் தூர் வாரப்படும். நடைபாதைச் செங்கல், கூரை ஓடு, பறவைகளுக்கான தண்ணீர்த் தொட்டி எல்லாம் அந்த மண்ணிலேயே உருவாகும்.

இது வெறும் ஆசையல்ல. சான்று இதே மாவட்டத்தில் இருக்கிறது. 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது அது மழைநீர் அரித்துப்போட்ட செம்மண் பொட்டல். வரப்பு போட்டு மழைநீரைத் தேக்கி, வீரை, காயா, பாலை போன்ற இந்தக் கடற்கரைப் பகுதிக்குரிய உலர் பசுமைமாறாக் காட்டு மரங்களை நட்டு அதைச் சோலையாக்கினார்கள். அங்குள்ள பிச்சாண்டிகுளம் குழுவினரின் அனுபவம்தான், குப்பைமேடாகக் கிடந்த சென்னை அடையாறு உப்பங்கழி ஓரத்தை, 2011-இல் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்காவாக மாற்றவும் உதவியது.

உள்ளூர்ச் செடிகளில் கண்ணைக் கவரும் நிறம் இல்லை என்பார்கள். கோடையில் சரக்கொன்றையின் மஞ்சளையும் கல்யாண முருங்கையின் சிவப்பையும் காயாம்பூவின் நீலத்தையும் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். களை என்று பிடுங்கி எறியும் எருக்கில்தான் வெந்தய வரியன் முட்டையிடுகிறது. பட்டாம்பூச்சி வேண்டுமென்றால் எருக்கும் இருந்தாக வேண்டும். புதர் இருந்தால் பாம்பு வரும் என்ற அச்சம் நியாயமானதே. மக்கள் நடக்கும் பாதையை அகலமாகவும் சுத்தமாகவும் வைத்து, அடர்ந்த பகுதியைத் தள்ளி அமைப்பதே அதற்கு வழி. குளம் கொசுவை வளர்க்கும் என்பதும் பாதி உண்மைதான்: மீனும் தட்டானும் இருக்கும் குளத்தில் கொசுப்புழு தப்பிப் பிழைப்பது கடினம்.

சுடுமண் உடையும், சிமெண்ட் உழைக்கும் என்பது வலுவான ஆட்சேபம். உண்மைதான், மண் உடையும். உடைந்ததை மாற்றும் வேலை ஆண்டுதோறும் உள்ளூர்ச் சூளைக்குத்தான் போகும். சிமெண்டுக்குக் கொடுக்கும் பணம் ஊரில் தங்காது. ஆனால் ஒரு நிபந்தனை. பொங்கலன்று மேடையேற்றிச் சக்கரம் சுற்றவைத்து, பொன்னாடை போர்த்தி அனுப்பினால் கைத்தொழில் பிழைக்காது. குயவரும் ஓலை முடைபவரும் பனையேறியும் அந்தத் தோட்டத்தின் பராமரிப்பில் எழுத்துபூர்வ ஒப்பந்தத்தோடு பங்கு பெற வேண்டும். மாவட்ட நிர்வாகம் அடுத்த பூங்காவுக்கு டெண்டர் விடும்போது, கொரியன் புல் இருக்கும் வரியை அடித்துவிட்டு இவர்களின் கூலியை அங்கே எழுதட்டும்.